நான்கு எண்களின் வரலாறு

நந்தனம் என்னும் சொல்லுக்கு இந்திரனின் பூங்கா என்பது பொருள். சென்னை நந்தனமோ தமிழாண்டு ஒன்றின் பெயரைத் தாங்கியது என்பர். 1952-53 நந்தன ஆண்டு. அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜி, புதிதாக எழுந்த குடியிருப்புக்கு அவ்வாண்டின் பெயரையே சூட்டினார் என்று நகர வரலாறு சொல்பவர்கள் குறிப்பிடுவதுண்டு. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இவையெல்லாம் இரண்டாம் பட்சம். நமக்கு நந்தனம் என்றால் ஒய்.எம்.சி.ஏ. திடல், திடல் என்றால் சனவரி மாதத்துப் புத்தகக் கண்காட்சி. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியின் திடல் அது என்பதைக்கூட, புழுதியும் புத்தகமுமாக அலையும் அந்த நாட்களில் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கண்காட்சியில் நிகழ்ந்தது இது. நம்மிடம் முதுகலை பயின்று, அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்த மாணவி ஒருவர் உடன் வந்திருந்தார். அகவை இருபத்தைந்து. ஒன்பதாம் அகவையில் முதல்வகை நீரிழிவு கண்டவர். பதினாறு ஆண்டுகளாக நாள்தோறும் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்பவர். உரைநூல் பதிப்பொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென நூலைக் கீழே வைத்தார். நெற்றி வியர்த்தது, விரல்கள் நடுங்கின. சனவரி மாலையில் வியர்வை ஏது? அவரே பையைத் துழாவிக் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு, அரங்கின் ஓரத்தில் தரையிலேயே அமர்ந்துவிட்டார். கால்மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

"என்னம்மா, சாப்பிடவில்லையா?" என்று வினவினோம்.

"சாப்பிட்டேன் ஐயா, பாதிதான். கொலஸ்ட்ரால் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாவற்றையும் குறைத்துவிட்டார்கள். நான்கு இட்லி இரண்டாகிவிட்டது. ஊசி அளவைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆய்வகத்தின் அச்சுத்தாள். அதில் நான்கு எண்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 226. எச்.டி.எல். 66. டிரைகிளிசரைடு 80. எல்.டி.எல். 144. முதல் எண்ணும் கடைசி எண்ணும் தடித்த எழுத்தில் இருந்தன. நெய், முட்டை, தேங்காய் மூன்றும் வீட்டில் விலக்கப்பட்டுவிட்டன. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இந்த உடம்புக்குக் கொழுப்பு வேறா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் மாணவியின் குரல் தழுதழுத்தது.

நாம் மருத்துவர் அல்லோம், தமிழ் படித்தவர். ஆனால் ஓர் ஏடு கையில் கிடைத்தால் இதை எழுதியவர் யார், எக்காலத்தது, யாரை நோக்கி எழுதப்பட்டது, பாடம் எங்கே திரிந்தது என்று கேட்பது நம் தொழில். அதே வினாக்களை அந்தத் தாளிடமும் கேட்டுப் பார்த்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

ஒரு சொல்லும் அதன் பழியும்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். சங்கப் பாடல்களில் நிணமும் கொழுப்பும் வளத்தின் அடையாளங்கள். வள்ளல்கள் பாணர்க்கு அளித்த விருந்தின் பெருமை அவை. இன்றைய வழக்கிலோ 'கொழுப்பு' என்பது திமிரின் பெயர். 'கொழுப்பெடுத்து அலைகிறான்' என்றால் அது உடலைப் பற்றிய செய்தி அன்று. ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. ஆகவே இரத்தத்தில் கொழுப்பு என்ற செய்தி தமிழ் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு குற்றச்சாட்டாக நுழைந்துவிடுகிறது. அளவறிந்து உண்ணாதவர், அடங்காதவர் என்ற பழி கூடவே வருகிறது.

கொலஸ்ட்ரால் என்ற சொல்லில் அந்தப் பழி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் பித்தக் கற்களில் மெழுகு போன்ற ஒரு பொருளைக் கண்டனர். 1815-இல் செவ்ரல் என்ற வேதியியலர் அதற்குப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் திடம். திடப்பித்தம் என்பதே பொருள். உயிரணுவின் சுவர் அமையவும், சில இயக்குநீர்கள் பிறக்கவும், பித்தநீர் உண்டாகவும் இப்பொருள் இன்றியமையாதது. உணவில் வராவிட்டாலும் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். கல்லீரலே அதன் பெரும் பட்டறை. முட்டையை விலக்கிய வீட்டார் இதை அறியார்.

பால் போன்ற குருதி

இனி நீரிழிவுக்கு வருவோம். மதுமேகம் என்ற பெயரில் நம் மருத்துவ மரபு நெடுங்காலமாக அறிந்த நோய் இது. ஆயினும் ஒரே பெயருக்குள் இரு வேறு நோய்கள் ஒளிந்திருந்தன. நடு அகவையில், பெரும்பாலும் குடும்ப வழியாக, மெல்ல வருவது ஒன்று. அதுவே இரண்டாம் வகை. மற்றது குழந்தையையோ இளைஞரையோ சில வாரங்களில் உருக்குலைப்பது. உடலின் காவற்படையே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென எண்ணி அழித்துவிடுவதால் நேர்வது. இதுவே முதல் வகை. இனிப்பு உண்டதால் வந்ததும் அன்று, உண்ணாதிருந்தால் வராமல் போவதும் அன்று.

இன்சுலின் இல்லாத உடல், சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் தன் கொழுப்பையே கரைத்து எரிக்கத் தொடங்கும். கரைந்த கொழுப்பு இரத்தத்தில் வந்து நிறையும். கடும் நீரிழிவில் குருதிநீர் பால்போல் வெளுத்துக் காண்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் குறித்து வைத்திருக்கின்றனர். எந்த ஆய்வகமும் இல்லாத காலத்தில் கண்ணாலேயே நடந்த கொழுப்புப் பரிசோதனை அது. அப்பால் நிறத்தைக் கண்ட குழந்தைக்கு வாழ்நாள் மாதக் கணக்கே. பட்டினிக்கு ஒப்பான உணவுமுறையால் சிலரை ஓரிரு ஆண்டுகள் நீட்டித்து வைத்தார்கள், அவ்வளவே.

1922 சனவரி 11. கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு அகவைச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி இடப்பட்டது. பான்டிங், பெஸ்ட் இருவரும் எடுத்த சாறு அது. முதல் முயற்சி சரிவரவில்லை. காலிப் என்ற வேதியியலர் அதைத் தூய்மைப்படுத்திய பின், அதே மாதம் 23-ஆம் நாள் இட்ட ஊசி பலித்தது. அவ்வாண்டே சிகிச்சை பெற்றவர்களில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியும் ஒருவர். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பட்டினி முறையால் எலும்புக்கூடாய் வந்து சேர்ந்த அவர், அதன்பின் அறுபது ஆண்டுக்குச் சற்றே குறைவாக வாழ்ந்து, 1981-இல் தம் எழுபத்து மூன்றாம் அகவையில் மறைந்தார்.

இங்கேதான் நம் தாளின் பிறப்பு இருக்கிறது. சர்க்கரை மயக்கத்தில் குழந்தைகள் இறப்பது குறைந்ததும், அவர்கள் வளர்ந்தார்கள். வளர்ந்ததும் இரத்தக் குழாய்கள் தடிக்கத் தொடங்கின. பாஸ்டனில் ஆயிரக்கணக்கான நீரிழிவாளர்களைப் பேணிவந்த ஜாஸ்லின் போன்ற மருத்துவர்கள், இன்சுலினுக்குப் பிந்தைய பத்தாண்டுகளிலேயே இம்மாற்றத்தைக் கண்டு எழுதினர். 1921-இல் முதல்வகை நீரிழிவு கொண்ட சிறுமிக்கு முப்பது ஆண்டு கழித்து மாரடைப்பு வருமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டு உண்டு என்று ஆன பிறகே அந்தக் கேள்வி பிறந்தது. நம் மாணவி கையிலிருந்த தாள் நெடுவாழ்வை எதிர்பார்ப்பவர்களுக்காக ஏற்பட்ட தாள். வீட்டார் அதைச் சாவோலையாகப் படித்துவிட்டனர்.

1948: இரு நகரங்கள்

நீரிழிவுக்குத் தனி மருத்துவம் சென்னைக்கு வந்த கதையில் 1948 குறிக்கத்தக்க ஆண்டு. அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய ஆண்டு அது. 1954-இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துகளால் எம்.வி. மருத்துவமனை என வழங்குகிறது. மேலைநாட்டு நீரிழிவு உணவுமுறை மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய காலமொன்று இருந்தது. அதற்கு மாறாக, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த நம் நாட்டு உணவையே அளவறிந்து உண்ணும் வழியை ஆராய்ந்தவர் விசுவநாதன். அரிசியும் பருப்பும் காயும் பகையல்ல என்ற துணிவு சென்னை நீரிழிவாளர்க்குக் கிடைத்தது இவ்வழியே. கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் இட்டு எடுத்ததும், குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலின் குப்பியை ஈர மண்பானைக்குள் காத்ததும் அக்காலத்தார் நினைவுகள்.

அதே 1948-இல் அமெரிக்காவின் ஃபிரமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 ஆண் பெண்களை அழைத்து, நோயில்லாத நாளிலேயே அளந்து வைத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்தம் பழைய அளவுகள் எப்படி இருந்தன என்று பார்ப்பதே நோக்கம். கொலஸ்ட்ரால் மிகுந்தவர்க்கு மாரடைப்பும் மிகுதி என்பது 1961-க்குள் தெளிவாயிற்று. இதற்கு முன்னோட்டமும் இருந்தது. 1913-இல் உருசியாவில் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி அவற்றின் தமனிகளில் படிவுகளைக் காட்டியிருந்தார். முயல் இலைதின்னி, மனிதன் அப்படியல்லவே என்று பலர் ஒதுக்கினர். ஊர் மக்களின் கணக்கு வந்த பின்னரே உலகம் செவிசாய்த்தது.

1970-களில் ஆறு ஒன்று கூடியதுபோல் பல கண்டுபிடிப்புகள் சேர்ந்தன. இரத்தத்தில் கொழுப்பு தனியே நீந்துவதில்லை. புரதப் பொதிக்குள் ஏறியே பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து திசுக்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்வதில் பெரும்பங்கு எல்.டி.எல். பொதிக்கு, எஞ்சியதைத் திரும்பக் கொணர்வது எச்.டி.எல். பொதி. அணுக்கள் எல்.டி.எல்.-ஐப் பற்றி இழுக்கும் கொக்கியைப் பிரவுன், கோல்டுஸ்டீன் இருவரும் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். சப்பானில் அகிரா எண்டோ சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, கல்லீரலின் கொலஸ்ட்ரால் பட்டறையை மட்டுப்படுத்தும் ஒரு பொருளை 1973-இல் கண்டார். ஸ்டாட்டின் மருந்துக் குடும்பத்தின் மூதாதை அதுவே. அக்குடும்பத்தில் முதலில் விற்பனைக்கு வந்தது 1987-இல்.

இருப்புப்பாதை ஊழியர் கணக்கு

இடையே நம் ஊரைத் தொட்ட ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1967-இல் எஸ்.எல். மல்கோத்ரா என்ற இரயில்வே மருத்துவர், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இருப்புப்பாதை ஊழியர்களிடையே இதயநோய் இறப்புகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். தென்னாட்டு ஊழியரிடையே அவ்விறப்பு வடக்கே பஞ்சாபியரிடையே உள்ளதைப்போல் ஏழு மடங்கு. நெய்யும் பாலுமாக உண்டவர்களோ வடவர். அவர்கள் உட்கொண்ட கொழுப்பு தென்னவரைப்போல் எட்டு மடங்கு முதல் பத்தொன்பது மடங்கு வரை.

இதைக் கொண்டு நெய் நல்லது என்று முடிவு கட்டுவோர் இன்றும் உளர். அது பிழை. ஊழியரின் இரத்தத்தையும் சர்க்கரையையும் ஒவ்வொருவராக அளந்து பின்தொடர்ந்த ஆய்வு அன்று அது. இறப்புப் பதிவுகளின் ஒப்பீடு. ஆயினும் அது ஒன்றை அழுத்தமாகச் சொல்லிற்று. இலையில் விழும் கொழுப்பும் இரத்தத்தில் காணும் கொழுப்பும் ஒன்றல்ல. இடையே ஓர் உடல் இருக்கிறது.

பின்னாளில் அந்த உடலையும் அளந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய பெரும் ஆய்வின் முதற்கட்ட முடிவு 2014-இல் வந்தது. தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகியவற்றில் அளந்தபோது, எல்.டி.எல். மிகுந்தவர் 11.8 விழுக்காடு, டிரைகிளிசரைடு மிகுந்தவர் 29.5 விழுக்காடு, எச்.டி.எல். குறைந்தவரோ 72.3 விழுக்காடு. நம்மவர்க்குப் பெருங்குறை எச்.டி.எல். போதாமை என்று ஆயிற்று. அப்படியிருக்க, நம் மாணவிக்கு 66. வீட்டில் எவருக்கும் இல்லாத அளவு. எப்படி வந்தது?

தலைமடையும் கடைமடையும்

இங்கேதான் பாடபேதம். கணையம் சுரக்கும் இன்சுலின் நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பகுதி செலவாகி, மிச்சமே உடலெங்கும் பரவுவது இயற்கை. கல்லீரல் தலைமடை, தசையும் கொழுப்புத் திசுவும் கடைமடை. ஊசியில் ஏற்றும் இன்சுலினோ தோலடியில் இறங்கி உடல் முழுதும் சுற்றிய பிறகே கல்லீரலை எட்டுகிறது. கடைமடைக்கு முதல் நீர், தலைமடைக்குப் பின்நீர். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் டிரைகிளிசரைடை உடைக்கும் நொதி இதனால் ஊக்கம் பெறுகிறது. டிரைகிளிசரைடு இறங்கி எச்.டி.எல். ஏறுகிறது. ஆகவே ஒழுங்காக ஊசியிட்டுக்கொள்ளும் முதல்வகை நீரிழிவாளரின் தாள், பார்வைக்கு அழகாகவே இருக்கும். அந்த அழகை முழுமையாக நம்பிவிட இயலாது. இவர்களிடம் எச்.டி.எல். எண்ணிக்கையில் மிகுந்தாலும் காவல் வேலையில் குறைவுபடலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். மருந்தால் எச்.டி.எல்.-ஐ உயர்த்திப் பார்த்த பெரிய சோதனைகளுள் பெரும்பாலானவையும் மாரடைப்பைக் குறைக்கவில்லை.

சர்க்கரை கட்டுக்கடங்காத நாட்களில் படம் தலைகீழாகும். டிரைகிளிசரைடு மளமளவென ஏறும். நோய் கண்ட புதிதிலோ, சர்க்கரை மிக ஏறிக் கிடக்கும்போதோ எடுத்த அளவை வைத்து முடிவு செய்யாமல், சர்க்கரை சீரான பின் மறுபடி பார்ப்பதே மருத்துவர் வழக்கம்.

நான்காம் எண்ணான எல்.டி.எல்.-க்கும் ஒரு கதை உண்டு. பல ஆய்வகங்களில் அதை நேரே அளப்பதில்லை, கணக்கிட்டு எழுதுகிறார்கள். 1972-இல் ஃபிரீடுவால்டு, லெவி, ஃபிரெடிரிக்சன் மூவர் 448 பேரின் இரத்தத்தைக் கொண்டு அமைத்த வாய்பாடு அது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். மாணவியின் தாளில், 226-இலிருந்து 66, பின் 80-இன் ஐந்தில் ஒன்றாகிய 16, மீதி 144. திடலின் ஓரத்தில் அமர்ந்து இருவரும் கழித்துப் பார்த்தோம். அச்சிட்ட எண்ணே வந்தது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இவ்வாய்பாடு செல்லாது. அதனால்தான் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்த எண்ணையும் மருத்துவர் பார்க்கிறார்கள். அது இங்கே 160. அயல்நாட்டு உறவினர் தம் கொலஸ்ட்ரால் 5 என்று சொன்னால் வியக்க வேண்டாம். அவர்கள் மில்லிமோலில் சொல்கிறார்கள். 38.67-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும்.

யாருடைய எண்கள்?

தாளின் வலப்புறத்தில் '200-க்குக் கீழ் விரும்பத்தக்கது, 200 முதல் 239 வரை எல்லைக்கோடு' என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த எல்லைகள் 1988-இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்து, 2001-இல் மூன்றாம் அறிக்கையிலும் தொடர்ந்தவை. பொதுமக்களுக்காக ஏற்பட்டவை. பதினாறு ஆண்டு இன்சுலின் வாழ்வு கொண்ட இருபத்தைந்து அகவைப் பெண்ணை அவற்றை வகுத்தவர்கள் மனத்தில் கொள்ளவில்லை.

வேறு ஏடுகளைப் புரட்டினால் அதே எண் வேறு பொருள் தருகிறது. இந்திய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், நீரிழிவு போன்ற உயர் இடருடையவர்க்கு 70-க்குக் கீழ். ஐரோப்பிய இதயவியலரின் 2019 வழிகாட்டி, இளமையில் வந்து இருபது ஆண்டைத் தாண்டிய முதல்வகை நீரிழிவை மிக உயர்ந்த இடர் வரிசையில் வைத்தது. அமெரிக்க நீரிழிவுக் கழகமோ நாற்பது முதல் எழுபத்தைந்து அகவை வரை ஸ்டாட்டினைப் பரிந்துரைத்து, இருபது முதல் முப்பத்தொன்பது வரையுள்ளவர்க்கு வேறு இடர்களும் சேர்ந்திருந்தால் எண்ணிப் பார்க்கலாம் என்கிறது. ஒரே 144; ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வோர் உரை.

ஏன் இந்த வேறுபாடு? சான்று மெலிந்திருப்பதே காரணம். ஸ்டாட்டின் சோதனைகள் பதினான்கை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான தொகுப்பாய்வில் நீரிழிவாளர் 18,686 பேர். அவர்களுள் முதல்வகையினர் 1,466 பேர் மட்டுமே. பயன் இரு வகையினர்க்கும் ஒத்தே தோன்றியது என்பது ஆறுதல். ஆயினும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களின் சான்று அது. இளையோர் அதில் அரியர். பத்து முதல் பதினாறு அகவையுள்ள 443 முதல்வகையினரிடம் நடத்தி 2017-இல் வெளியான சோதனையில், ஸ்டாட்டின் கொழுப்பளவுகளைக் குறைத்தது. தமனிச் சுவரின் தடிப்பில் மாற்றம் காணப்படவில்லை. ஓரிரு ஆண்டில் தெரியும் செய்தி அன்று இது என்பாரும் உளர்.

மாறாக, முதல்வகையினருக்கென்றே நடந்த ஒரு பேராய்வு உறுதியான செய்தி தந்தது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்தது அது. ஒரு பிரிவினர் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினர். மற்றவர் அன்றைய வழக்கப்படி. ஆய்வு முடிந்த பின்னும் பின்தொடர்ந்ததில், 2005-இல் தெரிந்த முடிவு: நெருங்கிய கட்டுப்பாட்டில் இருந்தவர்க்கு இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைவு, மாரடைப்பு, பக்கவாதம், அவற்றால் இறப்பு ஆகியவை 57 விழுக்காடு குறைவு. இவர்களைப் பொறுத்தவரை, இதயத்தைக் காக்கும் முதல் எண் அந்த நான்கில் இல்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ஐந்தாம் எண் அது. வேறொரு தாளில் இருக்கிறது.

இடர் இல்லை என்று சொல்ல வரவில்லை. சுவீடன் நாட்டுப் பதிவேட்டிலிருந்து 2018-இல் வந்த கணக்குப்படி, பத்து அகவைக்குள் நோய் கண்ட பெண்களின் வாழ்நாள் சராசரியாக 17.7 ஆண்டு குறைந்தது, ஆண்களுக்கு 14.2 ஆண்டு. பெரும்பங்கு இதயநோயால். சராசரி என்பது முந்தைய பத்தாண்டுகளின் மருத்துவத்தில் வாழ்ந்தவர்களின் கணக்கு என்பதையும் மறவாமல் படிக்க வேண்டும். தாளை அலட்சியம் செய்யவும் கூடாது; அஞ்சி உணவைப் பாதியாக்கவும் கூடாது. இன்சுலின் அளவு உணவின் அளவோடு பிணைந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட வேண்டும். தொடாததன் விளைவைத்தான் அன்று அரங்கின் தரையில் கண்டோம்.

மருத்துவர் படித்த படி

அடுத்த வாரம் மாணவி தம் மருத்துவரிடம் சென்றார். விரும்பி அழைத்ததால் நாமும் உடன் சென்றிருந்தோம். அம்மையார் தாளைப் பார்த்ததும் நெய்யைப் பற்றிக் கேட்கவில்லை. "சமீபத்தில் சோர்வு உண்டா? முடி கொட்டுகிறதா? குளிர் தாங்கவில்லையா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே பதில். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தைராய்டு பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் எழுதினார்.

முதல்வகை நீரிழிவு உடலின் காவற்படை தடம் மாறியதால் வருவது என்றோமல்லவா? அதே படை தைராய்டு சுரப்பியையும் தாக்குவது இவர்களிடம் அடிக்கடி காண்பது. தைராய்டு மந்தமானால், எல்.டி.எல்.-ஐப் பற்றி இழுக்கும் கொக்கிகள் குறையும், இரத்தத்தில் எல்.டி.எல். தேங்கும். மாணவிக்கு நேர்ந்தது அதுவே. தைராய்டு மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து எடுத்த தாளில் மொத்தம் 188, எச்.டி.எல். 65, டிரைகிளிசரைடு 75, எல்.டி.எல். 108. இதற்குள் வீட்டில் முட்டையும் தேங்காயும் திரும்பியிருந்தன. நெய் மட்டும் ஒரு கரண்டியாகச் சுருங்கியது.

அந்த 144 உண்மையில் கழுத்திலிருந்து வந்த செய்தி. அதை நாக்கின் குற்றமாகப் படித்துவிட்டார்கள்.

108 என்பதும் முடிந்த கதை அன்று. ஸ்டாட்டின் தொடங்கலாமா என்று அம்மையாரும் மாணவியும் அரைமணி நேரம் பேசினர். சிறுநீரில் அல்புமின் இல்லை, இரத்த அழுத்தம் சீர், குடும்பத்தில் இளமையில் மாரடைப்பு எவர்க்கும் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. திருமணமும் மகப்பேறும் அருகில் இருக்கக்கூடும். கருவுறத் திட்டமிடுவோர் ஸ்டாட்டினை முன்கூட்டியே நிறுத்துவதே பொது வழக்கம். ஆகவே இப்போது வேண்டாம், ஆண்டுதோறும் பார்ப்போம், சர்க்கரைச் சராசரியை 8.2-இலிருந்து இறக்குவோம் என்று இருவரும் முடிவு செய்தனர். வேறொருவர்க்கு அதே எண்ணில் வேறு முடிவு சரியாக இருக்கலாம். வழிவழியாக வரும் லிப்போபுரதம்-ஏ என்ற பொதியை வாழ்நாளில் ஒருமுறை அளந்து வைப்பது நன்று என்றும் சொல்லி அனுப்பினார்.

இன்று அம்மாணவி முனைவர். ஒரு கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கிறார். கொலஸ்ட்ரால் தாள் வந்ததும் அதன் தலையில் தம் கையால் ஒரு வரி எழுதிக்கொள்வது அவர் வழக்கமாகிவிட்டது. நோயின் ஆண்டுகள், எச்பிஏ1சி, தைராய்டு அளவு, சிறுநீர் அல்புமின், இரத்த அழுத்தம். "மூலத்துக்கு மேலே கொளு எழுதுகிறேன் ஐயா, இது இல்லாமல் பாட்டு புரியாது" என்றார் ஒருமுறை.

கண்காட்சியில் அவரைச் சந்திக்கும்போதெல்லாம், பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்பதை நாம் இன்னும் விடவில்லை. அவரும் சலிக்காமல் எடுத்துக் காட்டுகிறார்.

மருத்துவம் அறிந்த அன்பர்கள் இக்கட்டுரையில் பிழை காணின் சுட்டுக, திருத்திக்கொள்வோம். முதல்வகை நீரிழிவோடு வாழும் அன்பர்கள், தம் தாளைத் தம் மருத்துவரோடு அமர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.